கேன் கீழேதான் வரும்

ஜூன் 10, திங்கள்

இந்த டைரி பெயிண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. இதுவரை கேஸ் புத்தகம், பால் அட்டை எல்லாம் செருகி வைக்கத்தான் ஆனது. இன்றிலிருந்து எழுதப் போகிறேன். ஆசைப்பட்டு இல்லை, பிசியோதெரபி டாக்டரின் உத்தரவு. இடுப்பு வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தினமும் குறித்துக்கொண்டு வந்து மாதம் ஒருமுறை காட்ட வேண்டுமாம். "ரெண்டு வரி போதுங்க" என்றார். பத்தாம் வகுப்பில் நான் முதல் தடவையே பாஸான ஒரே பாடம் தமிழ். மற்ற நான்கையும் அக்டோபரில் தாண்டினேன். அதனால் ரெண்டு வரியோடு நிற்குமா என்று சொல்ல முடியாது.

டாக்டருக்காக: பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்திநாலு. தொழில், வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது. இருபது லிட்டர், தோளில். ஒரு நாளைக்கு அறுபது கேன். எங்களூரில் எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. புது வீட்டுக்கு முதல் நாள் போகும்போது கேனை கேட்டுக்குள் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். "அண்ணா, சித்த மேல வெச்சுட்டுப் போயிருங்களேன்" என்பார்கள். ஒரு தடவை ஏறினால் போச்சு. அப்புறம் ஆயுசுக்கும் மாடிதான். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தங்களுக்கும் இரண்டு கால் இருக்கிற விஷயமே மறந்துவிடும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். நான் பதினோரு வீட்டுக்கு மூன்றாவது மாடி ஏறுகிறேன்.

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. ஒரே மகள் சம்யுக்தா, வீட்டில் சம்மு, அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து அவளுக்கு இரண்டு காலும் நடக்க உதவாது. சக்கர நாற்காலி. போன வருடம் ஒன்பதாம் வகுப்பு கீழே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மத்தியானம் பூங்கோதை, அதாவது என் மனைவி, போய் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சாப்பாடு கொடுத்து மறுபடி கொண்டுபோய் விடுவாள். ஐந்து நிமிட தூரம். இந்த வருடம் பத்தாம் வகுப்பு மாடியில். இருபத்திரண்டு படி. நாளைக்குத் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும்.

வலி: இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

தலைமையாசிரியர் ஆதிமூலம் சார் தங்கமான மனிதர். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லவே மாட்டார். செய்யவும் மாட்டார்.

"பத்தாவதைக் கீழ மாத்திக் குடுத்தீங்கன்னா சவுரியமா இருக்குமுங்க சார்."

"பத்தாவது எப்பவுமே மேலதானுங் சென்னியப்பன். கீழ ஒரே சத்தம். மேலன்னா கவனமாப் படிப்பாங்க. இருவது வருசமா அப்படித்தான் ரிசல்ட் குடுக்கறோம்."

"கீழ ஒண்ணாம் நம்பர் ரூம் சும்மாத்தானுங்களே கெடக்குது? சாய்தளமெல்லாம் கட்டியிருக்கறீங்க."

"சும்மாவா? உள்ள சைக்கிள் இருக்குதுங்!"

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான இலவச சைக்கிள், ஐம்பத்திரண்டு. வந்து பல மாதம் ஆகிறது. சிறப்பு விருந்தினர் வந்து கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி. அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. சைக்கிள் வாங்க வேண்டிய பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், நடந்தே.

சாய்தளத்தையும் போய்ப் பார்த்தேன். நல்ல சாய்தளம். வயதானவர்கள் ஓட்டுப்போட வருவதற்காக ஒரு தேர்தல் சமயத்தில் கட்டியது. கைப்பிடி எல்லாம் உண்டு. அதன்மேல் வாத்தியார்களின் ஸ்கூட்டர் ஏழு, வரிசையாக, வெயில் படாமல் நின்றுகொண்டிருந்தன. முதல் வண்டி சாருடையது.

மறுபடி உள்ளே போனேன். "பார்க்கலாம்" என்றார். "யோசிக்கலாம்" என்றார். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒரு பெரிய மனிதர் நம்மால் இப்படிச் சங்கடப்படுகிறாரே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. மாடியில் ஆசிரியர் அறைக்குத் தினமும் மூன்று கேன் நான்தான் ஏற்றுகிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நானே தூக்கிட்டுப் போயி விட்டர்றனுங்க சார். அறுவது கேன் தூக்கறவனுக்கு இது ஒரு கேன் எச்சா."

சார் எழுந்து நின்று கை கொடுத்தார். "உங்களை மாதிரி ஒரு அப்பா கெடைக்கோணுமே!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சம்மு வராந்தாவில் நாற்காலியில் இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"நான் ஒரு கேன் எச்சாவாப்பா?"

"கேனு இப்பிடியெல்லாம் பேசாது கண்ணு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சில நகைச்சுவைக்கு நேரம் பிடிக்கும்.

வலி: இல்லை.

ஜூன் 12, புதன்

சம்மு முப்பத்தாறு கிலோ. கேனுக்கு வாய் கிடையாது, "மெதுவாப்பா" என்று சொல்லாது. மற்றபடி வித்தியாசமில்லை.

வலி: இல்லை.

ஜூன் 20, வியாழன்

பழகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு ஏற்றி, மூன்றாவது பெஞ்சில் அவளுடைய கூட்டாளி பர்வீன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வருகிறேன். சாயங்காலம் நாலரைக்கு இறக்குகிறேன். மத்தியானச் சாப்பாடு டப்பாவில். நாற்காலி கீழே படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது. வீணாக நிற்கவில்லை. வாட்ச்மேன் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். "உங்க வண்டி நல்ல சொகுசுங்ணா" என்று பாராட்டவும் செய்தார்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. சம்முவின் தண்ணீர் பாட்டில் கொண்டுபோன மாதிரியே நிறைந்து திரும்பி வருகிறது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறவன் மகள் பாட்டில் மூடியைக்கூடத் திருகுவதில்லை. வெளியில் தெரிந்தால் என் வியாபாரம் என்ன ஆவது?

வலி: கொஞ்சம். இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 1, திங்கள்

டாக்டரிடம் டைரியைக் காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வலி இல்லை, வலி இல்லை, வலி இல்லை. அப்புறம் எதுக்குங்க இங்க வந்தீங்க?"

"நீங்க வரச்சொன்னீங்களேன்னு வந்தனுங்க."

முதுகில் ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். நான் கத்தியதில் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். எடை தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்று சீட்டில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மீனைப் பார்த்து, தண்ணியில் இறங்காதே என்று எழுதிக் கொடுத்த மாதிரி. சீட்டு டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

பாட்டில் விஷயம். தண்ணீர் ருசி பிடிக்கவில்லையோ என்று வேறு கம்பெனித் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். நிறைந்தே வந்தது. நேற்றுச் சீரகம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். அதுவும் வந்தது. பூங்கோதை அடுப்படியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க. நல்லா ஆராய்ச்சி பண்ணுங்க" என்றாள்.

வலி: சொல்லும்படி இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்று என் வாழ்க்கையில் முக்கியமான நாள். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் தோளில் கேன் அல்லாத ஒன்றைப் போட்டார்கள். பொன்னாடை.

கொடி ஏற்றியதும் ஆதிமூலம் சார் மைக்கில் சொன்னார்: "தினந்தோறும் தன் மகளை நாற்பத்திநாலு படி சுமக்கும் தியாகத் தந்தை!" ஏற இருபத்திரண்டு, இறங்க இருபத்திரண்டு, கணக்கு சரிதான். கைதட்டல். சம்முவைத் தூக்கிக்கொண்டு கொடிமேடைக்கு வரச் சொன்னார். ஏறினேன். போட்டோக்காரர் ஃபிளாஷ் விழவில்லை என்றார். இறங்கி மறுபடி ஏறினேன். இரண்டாம் தடவை சார் பக்கத்தில் வந்து சம்முவின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பொன்னாடையைக் கழற்றாமலே மத்தியானம் கேன் போடப் போனேன். மூன்று வீட்டில் விசாரித்தார்கள். விசாரிக்காத வீடுகளில் நானே சொன்னேன்.

வலி: இன்று அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

ஆகஸ்ட் 17, சனி

இன்று பொன்னாடையை நான் மடித்து பீரோவில் வைக்கும்போது சம்மு சொன்னாள்:

"உங்களைத் தூக்கிவெச்சுப் பேசுனாங்கப்பா. என்னைத் தூக்கிவெச்சாங்க. அவ்ளோதான். உன் பேரென்ன பாப்பான்னுகூட யாரும் மைக்குல கேக்கலே."

யோசித்துப் பார்த்தால், ஆமாம், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மழை. படியெல்லாம் ஈரம். பதினாலாவது படியில் இரண்டு பேரும் சற்று உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு ஏறினோம்.

வலி: இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

அப்பா டைரியில் பொய் எழுதுகிறார். நேற்று காற்று வாங்கவில்லை. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். என்னை விட்டுவிடக் கூடாது என்று சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டே சரிந்தார். சட்டையில் ரத்தம். அம்மா கேட்டதற்கு "கேன் இடிச்சிருச்சு" என்றார். இரண்டு மாதமாகக் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறார். வலி: நிறைய. இப்படிக்கு, செ. சம்யுக்தா, 10 பி.

மேலே உள்ளதை எழுதியவர் யார் என்று தெரியவில்லை. கையெழுத்து மட்டும் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. டைரியை இனி பரண்மேல் வைப்பதாக முடிவு செய்து வைத்தும்விட்டேன். அங்கே அவளுக்குக் கை எட்டாது.

கொஞ்ச நேரம் கழித்து, எட்டாத இடத்தில் வைப்பதற்கு இந்த வீட்டில் ஒரு ஆள் எதற்கு, அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று பட்டது. எடுத்துவந்து மேஜைமேலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

சம்முவுக்கு நூற்றிமூன்று காய்ச்சல். குளிரில் பல் அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். லேடி டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யூரின் இன்ஃபெக்சன். நல்லா முத்திப் போயிருக்குது. பாப்பா தண்ணியே குடிக்கறதில்லையா?"

"நான் தண்ணி கேன் போடறவனுங்க மேடம்."

"நான் உங்களைக் கேக்கலைங்க. பாப்பா குடிக்கறாளான்னு கேட்டேன்."

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிட்னிக்குப் போயிருக்குமாம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பூங்கோதையிடம் என் ஆராய்ச்சியைச் சொன்னேன். வேறு கம்பெனித் தண்ணீர், சீரகத் தண்ணீர், எதற்கும் அசையவில்லையே என்று.

"ஏனுங்க, காத்தால ஒம்போது மணிக்கு மேல ஏத்தி பெஞ்சுல உக்காரவெச்சுட்டு வர்றீங்க. நாலரைக்கு எறக்கறீங்க. நடுவுல அவ எங்க போவா?"

எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

"எனக்குப் போன் பண்ணியிருந்தா நான் வந்து..."

"வந்து? பதினஞ்சு வயசுப் புள்ளைய, வகுப்பே பாக்க, அப்பன் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போவீங்களாக்கும். குடிக்காம இருந்துக்கறேன், அப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாளுங்க."

எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆசிரியர் தின விழா; மைக்கில் பாட்டு. கிணற்றுப் பக்கம் ஒரு கழிப்பறை தனியாக இருக்கிறது. கதவில் சக்கர நாற்காலிப் படம், நீலத்தில். நாலு வருடமாக அதைத் தாண்டித்தான் கேன் தூக்கிக்கொண்டு போகிறேன். பூட்டு தொங்கியது. சாவி கேட்டால் வாட்ச்மேன் பி.டி. வாத்தியாரைக் காட்டினார். அவர் அலுவலகத்தைக் காட்டினார். அலுவலகத்தில் மறுபடி வாட்ச்மேனைக் காட்டினார்கள். அவர் இடுப்பில்தான் இருந்தது.

திறந்தால் அகலமான அறை. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, தாழ்வாகக் குழாய், எல்லாம் அளவெடுத்த மாதிரி. அதற்குள் விளக்குமாறு பதினேழு, கோகோ கம்பம் இரண்டு, காலொடிந்த கரும்பலகை, சுதந்திர தினக் கொடித்தோரணம் ஒரு மூட்டை.

"சாமான் வெக்க எடமில்லீங்ணா" என்றார் வாட்ச்மேன்.

செப்டம்பர் 9, திங்கள்

சம்மு வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைமையாசிரியரைப் பார்த்தேன். இந்தத் தடவை உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டேன். வகுப்பைக் கீழே மாற்ற வேண்டும், கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும்.

"நல்லாத்தானுங்களே போயிட்டிருந்துச்சு? நீங்கதான் தூக்கிட்டு வர்றீங்களே!" என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு. அலமாரியில் இருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். "பாருங்க, மேலிடத்துக்கு அறிக்கையே குடுத்தாச்சு."

பள்ளியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உள்ள வசதிகள் என்று அச்சடித்திருந்தது. சாய்தளம்: உண்டு. கழிப்பறை: உண்டு. மாடிக்குச் செல்ல வசதி: உண்டு (தந்தை).

இரண்டு தடவை படித்தேன். அடைப்புக்குறிக்குள் நான்தான். கட்டடத்தில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த வருடம் வெள்ளையடிக்கும்போது எனக்கும் ஒரு கோட்டிங் அடிப்பார்கள்.

"ஒடம்பு சரியில்லாத புள்ளைய எதுக்குங்க அலைக்கழிக்கோணும்?" என்றார் சார், குரலைத் தாழ்த்தி. "வீட்லயே இருக்கட்டும். வாரம் ஒருக்கா டீச்சர் வந்து சொல்லிக் குடுப்பாங்க. பரிச்சைக்கு மட்டும் வந்தாப் போதும். அதுக்கும் ஒரு திட்டம் இருக்குதுங்."

படித்துப் படித்துப் பத்தாம் வகுப்பு வரை வந்த பெண்ணை, பாரம் இறக்குகிற மாதிரி வீட்டில் இறக்கி வைக்கச் சொல்கிறார். அதையும் அன்பாகத்தான் சொன்னார்.

"யோசிக்கலாமுங்க" என்றேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்மு அழுவாள் என்று நினைத்தேன்.

"வாரம் ஒருக்கா டீச்சர் வருவாங்க. பர்வீன் வருவாளாப்பா?"

நான் டைரியைத் தேடுகிற மாதிரி எழுந்தேன். அவள் விடவில்லை.

"அப்பா, புது வீட்டுக்குப் போனா மொத நாள் கேனை எங்க வெக்கோணும்?"

"கேட்டுல."

"ஏன்?"

"ஒருக்கா மேல வெச்சுட்டா அப்பறம் அவங்க எறங்கியே வரமாட்டாங்க கண்ணு."

"நாளைக்கு என்னையும் கேட்டுல வெச்சுட்டுப் போங்க."

எதிரில் இருந்த ஆளை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். இன்றுதான் முதலில் பார்த்த மாதிரி இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன்; கேட்டு நடந்தது இவள் ஒருத்திதான்.

செப்டம்பர் 11, புதன்

சம்முவை நாற்காலியோடு படிக்கட்டின் அடியில் விட்டேன். வாட்ச்மேன் உட்கார இடமில்லாமல் தூணில் சாய்ந்தார். பக்கத்தில் ஆசிரியர் அறையின் மூன்று கேனையும் இறக்கி வைத்தேன். ஆதிமூலம் சார் வேகமாக வந்தார்.

"என்னங்க, கேன் மேல வரலியா?"

டாக்டர் சீட்டை நீட்டினேன். "மாடி ஏறக் கூடாதுன்னுட்டாருங்க. கேன் இனிமே கீழதானுங்க சார்."

"பாப்பா?"

"பாப்பாவும் கீழதானுங்க."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே பத்து பி-யில் ஜெசிந்தா டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும் சத்தம் கேட்டது. பெயர் வந்ததும் படிக்கட்டுக்கு அடியில் இருந்து சம்மு தொண்டையைத் திறந்தாள்:

"உள்ளேன் டீச்சர்!"

தெருவில் போன ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். மேலே ஒரே சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றது. பிள்ளையைக் கேலிப் பொருளாக்கிவிட்டோமோ என்று இரண்டு தடவை எழுந்து கேட்டு வரை போனேன். இரண்டு தடவையும் அவள் என்னைப் பார்த்து, போங்க என்று கையால் காட்டினாள்.

செப்டம்பர் 12, வியாழன்

"உள்ளேன் டீச்சர்!" இன்று யாரும் சிரிக்கவில்லை. பாட வேளை மாறும்போதெல்லாம் பர்வீன் நோட்டோடு ஓடிவந்து, பலகையில் எழுதியதைக் காட்டிவிட்டு ஓடினாள். வாத்தியார்கள் ஆளுக்கொரு டம்ளரோடு படி இறங்கி வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். சம்மு எல்லோருக்கும் வணக்கம் வைத்தாளாம். இருபத்திரண்டு படி ஏறி மேலே போனதும் மறுபடி தாகம் எடுக்கும் என்பது கேன்காரனுக்குத்தான் தெரியும்.

சீட்டைக் காட்டி மற்ற வீடுகளுக்கும் கீழேதான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வீடு நின்றுபோனது. ஒன்பது வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் கால் இருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

பர்வீனும் சம்முவும் மாற்றி மாற்றிச் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

மூன்றாவது பாட வேளை கணக்கு. நடுவில் ஜெசிந்தா டீச்சருக்குத் தொண்டை கட்டியது. டம்ளரோடு கீழே வந்திருக்கிறார். குடித்துவிட்டுச் சம்முவின் நோட்டை எட்டிப் பார்த்தார். கணக்கில் பாதி சரி, பாதி இல்லை.

"இங்க ஏன் விட்டுட்டே?"

"இதுக்கு மேல நீங்க சொன்னது காதுல விழலீங்க டீச்சர்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து மிச்சக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த கணக்கையும் சொல்லிக் கொடுத்தார். கீழே போன டீச்சரைக் காணோம் என்று இரண்டு பேர் இறங்கி வந்து மூன்றாவது படியில் உட்கார்ந்தார்கள். அப்புறம் நாலு பேர். கால் மணி நேரத்தில் நாற்பத்தோரு பேரும் படியில். வகுப்பு தானாக வழிந்து கீழே வந்துவிட்டது.

மாடிக்குப் போக வந்த ஆதிமூலம் சாரால் ஒரு படி ஏற முடியவில்லை.

"என்ன டீச்சர் இது, வழிய மறிச்சுட்டு! நான் மேல போகவேண்டாமா?"

"கஷ்டமாத்தான் இருக்குமுங்க சார்" என்றாராம் ஜெசிந்தா டீச்சர். "ஒண்ணாம் ரூமைத் திறந்து குடுங்க, நகந்துக்கறோம்."

"சைக்கிளை எங்கங்க வெக்கறது?"

பர்வீன் எழுந்து நின்றாள். "மேல எங்க கிளாசு காலியாத்தானுங்க சார் இருக்குது."

சார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்தார். "விழாவுக்குத் தேதி கெடைக்கற வரைக்கும். தற்காலிகமா" என்றார்.

பிள்ளைகள் ஐம்பத்திரண்டு சைக்கிளையும் மாடியில் ஏற்றிவிட்டு பெஞ்சுகளைக் கீழே இறக்கினார்கள். ஒன்றரை மணி நேரம். இருபது வருடமாக ஆகாத வேலை. சக்கரம் வைத்ததெல்லாம் இப்போது மாடியில் இருக்கிறது, ஒன்றைத் தவிர. நான் போனபோது சாய்தளத்தில் இருந்து ஸ்கூட்டர்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சாரின் வண்டிச் சாவியைத் தேடப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை சம்மு கீழே பொறுமையாகக் காத்திருந்தாள். வழி கிடைத்ததும் கைகளால் சக்கரத்தைச் சுற்றி, யாரும் தள்ளாமல், ஏறினாள். நான் இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் கட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கழிப்பறை காலி. விளக்குமாறு பதினேழும் அலுவலகத்துக்குப் போயின. அங்கே தாராளமாக இடம் இருந்தது. சாவியைச் சம்முவிடமே கொடுத்தார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. பெயர், வகுப்பு, பெற்றுக்கொண்ட பொருள்: கழிப்பறைச் சாவி ஒன்று. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்களே, அதுவரை சந்தோஷம்.

படிவத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்டேன். சார் பேனாவை எடுத்து "(தந்தை)" என்பதை அடித்தார். கட்டடத்தில் இருந்து எனக்கு விடுதலை.

அக்டோபர் 8, செவ்வாய்

சிறப்பு விருந்தினருக்குத் தேதி கிடைத்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை. ஆதிமூலம் சார் காலையிலேயே போன் செய்தார்.

"சென்னியப்பன், அந்த சைக்கிளையெல்லாம் கீழ கொண்டுவரோணுமே. பசங்களுக்குப் பரிச்சை. ஒரு சைக்கிள் பதினஞ்சு கிலோதானுங். உங்களுக்கு ஒரு கேனுக்குக்கூட ஆகாது."

"டாக்டர் மாடி ஏறக் கூடாதுன்னுட்டாருங்களே சார்."

"ஏறவா சொல்றேன்? எறக்கத்தானுங் சொல்றேன்!"

"எறக்கறதுக்கும் மொதல்ல ஏறித்தானுங்க ஆகோணும் சார்."

இதை அவர் இப்போதுதான் முதன்முறையாக யோசிக்கிறார் என்று தோன்றியது. "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். சைக்கிளெல்லாம் போய்விட்டால் பத்தாவதை மறுபடி மேலே ஏற்றிவிடுவார்களோ என்று சம்முவிடம் கேட்டேன்.

"நான் இல்லாம ஏத்தட்டும் பாக்கலாம். எனக்குத் தொண்டை நல்லாத்தானேப்பா இருக்குது?"

நாலரைக்குக் கேட்டில் நின்றேன். அவளே சாய்தளத்தில் இறங்கி வந்தாள், பர்வீனோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே. பையை வாங்கினேன். லேசாக இருந்தது. பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். காலி.

வலி: இருக்கிறது. நிறைய இருக்கிறது.